புற்றுமண்ணில் பூத்த கேந்தி

அத்தியாயம் 14

ஏசுவடியான் உபதேசியாரின் வாயைப் பற்றிப் போன வாரமே நிறையப் புலம்பியாயிற்று. அந்த வாய் கொஞ்சம் அடக்கமாக இருந்திருந்தால் ஆவாரங்குளத்து வேதக்கோயில் வாசலில் பூச்செடியும் இருந்திருக்காது, இந்த அத்தியாயத்துக்கு வேலையும் இருந்திருக்காது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. குருவானவர் எப்போதாவது வந்துபோகிற அந்தக் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறுதோறும் பிரசங்கம் பண்ணுகிறவர்தான் உபதேசியார். மகள் ரோஸியைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வந்த சம்பந்தியம்மா, காபியைக் குடித்து முடித்து வாசலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஒங்க ஊருல ஒடைமுள்ளத் தவிர ஒண்ணுமே மொளைக்காதோ?" என்றாள். மனுஷன் சும்மா சிரித்துவைத்திருக்கலாம். சிரிப்பாரா? "கல்யாணத்தன்னைக்கு வந்து பாருங்க சம்பந்தி! கோயிலுக்கு வேண்டிய பூவு அம்புட்டும் எங்க வாசல்லயே பூத்திருக்கும். வெளியூருப் பூவு ஒண்ணு உள்ள வராது" என்று அடித்து விட்டார்.

யுத்த காலம். மதுரைப் பூ வர வேண்டுமானால் பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் கரி பஸ்ஸில்தான் வர வேண்டும். அது எந்த மேட்டில் நின்று புகைவிடும் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. ஆகவே சொன்ன சொல்லைக் காப்பாற்ற உபதேசியார் மண்ணைத்தான் நம்ப வேண்டியதாயிற்று.

மண் அவரை நன்றாகப் பாடு படுத்தியது. முதல் விதைப்பு கோயில் வாசலில் இருந்த கரிசலிலேயே நடந்தது. புரட்டாசியில் பெய்த ஒரே மழையில் கரிசல் களியாகி நாற்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. கேந்தி நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. அடுத்து வெயில் காய்ந்ததும் அதே மண் பாளம் பாளமாக வெடித்து, தப்பிப் பிழைத்த வேரையும் அறுத்துப் போட்டது.

சரி, இளகின மண்ணாகப் பார்ப்போம் என்று ஓடைக்கரையில் மாவு மாதிரிக் கிடந்ததை அள்ளி வந்து பாத்தி கட்டினார். அது உவர்மண். துணி வெளுக்க ஆகுமே தவிரச் செடிக்கு ஆகாது. வாடாமல்லி இரண்டு இலை விடுவதற்குள் நுனி கருகி வெந்து போனது. தெருவில் போகிறவர்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். கேலி பண்ணியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்தது.

மூன்றாவது விதைப்பு பிடித்தது. எப்படிப் பிடித்தது என்கிறீர்கள்! மார்கழி பிறந்ததும் கோயில் வாசலுக்கு இரண்டு பக்கமும் கேந்தி மஞ்சள் மஞ்சளாகத் தள்ளியது. கோழிக்கொண்டை உள்ளங்கை அகலம் விரிந்தது. வாடாமல்லி எண்ண முடியாமல் பூத்தது.

"என்ன மண்ணு உபதேசியாரே போட்டீக?" என்று கேட்காத ஆள் இல்லை.

"கம்மாக்கரம்பையும் ஆட்டுப்புழுக்கையும்தான். வேற என்ன?" என்றார் அவர், எல்லாரிடமும்.

அது பொய். கண்மாய் வண்டல் ஒரு கூடைகூட அந்தப் பாத்தியில் இல்லை. அந்தப் பொய்யில்தான் போன வாரம் நாம் நின்றோம்.

வருகிற புதன்கிழமை ரோஸிக்குக் கல்யாணம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

காலையில் உபதேசியார் பூவாளியோடு பாத்தியில் நின்றுகொண்டிருந்தார். மேற்கே, சிநேகிதர் ராமசுப்புவின் புஞ்சைப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் ஓலம் வந்தது. யார் என்று அவர் கேட்கவில்லை. என்ன என்றும் கேட்கவில்லை. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

மனைவி ரூத்தம்மா தெருவிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏங்க, கேட்டீகளா? ராமசுப்பண்ணன் புஞ்சையில இருந்த புத்து சரிஞ்சு கெடக்காம். தங்கத்தாய் மதினி பாலூத்தப் போயிருக்காக. பாத்துட்டு அங்கனயே உக்காந்து அழுறாகளாம்."

"மழையில சரிஞ்சிருக்கும்" என்றார் உபதேசியார்.

"மழைக்கா? பின்பக்கம் பூரா மம்பட்டி வெட்டாம்! யாரோ தோண்டித் தோண்டிக் கூடா ஆக்கி வச்சிருக்கான். நேத்தைய மழையில முன்பக்கம் நிக்க முடியாம விழுந்திருச்சு."

அந்தப் புற்று எப்பேர்ப்பட்டது என்று ஊருக்கே தெரியும். கரிசல் முடிந்து செவல் தொடங்குகிற வரப்பில் இடுப்பு உயரத்துக்கு நின்றது. ராமசுப்புவின் மகள் முருகேஸ்வரிக்குத் தலைப்பிள்ளையும் தக்கவில்லை, அடுத்ததும் தக்கவில்லை. மூன்றாவதாக உண்டானதிலிருந்து தாய்க்காரி தங்கத்தாய் வெள்ளிக்கு வெள்ளி தவறாமல் அங்கே பால் ஊற்றி, முட்டை வைத்து, மஞ்சள் பூசி வந்தாள். முருகேஸ்வரி இப்போது நிறைமாதமாகத் தாய்வீட்டில் இருக்கிறாள்.

உபதேசியாருக்கும் இதெல்லாம் தெரியும். தெரியாமல் செய்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

இரண்டு விதைப்பும் போன பிறகு ஒரு நாள் அந்த வரப்பு வழியாக வந்தவர், புற்றின் பின்பக்கம் உதிர்ந்து கிடந்ததை ஒரு கை அள்ளிப் பார்த்தார். கரையான் மென்று துப்பிய மண். களியாகவும் இல்லை, மணலாகவும் இல்லை. பிடித்தால் உருண்டை நின்றது, விட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. வேருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிற மண். ஈரத்தையும் விடாத மண். இதில் விதை போட்டால் முளைக்காமல் எங்கே போகும் என்று அவர் மனசு துள்ளியது.

மறுநாள் விடியக்கருக்கலில் கூடையும் மம்பட்டியுமாகப் போனார். முன்பக்கம் மஞ்சள் அப்பியிருந்தது. அதை அவர் தொடவில்லை. மஞ்சள் படாத பின்பக்கம் வெறும் மண்தானே என்று தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தார். ஒரு கூடைதானே என்றும் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு கூடைக்குப் பிறகு இன்னொரு கூடை. ஆட்டுப்புழுக்கையும் கரிசலும் கொஞ்சம் கலந்து பாத்தி நிறைகிறவரை போய்க்கொண்டே இருந்தார்.

ரூத்தம்மா பேசிக்கொண்டே பாத்தி ஓரம் குனிந்தவள், எதையோ விரலால் கிளறி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முட்டைத்தோடு. சின்னத் துண்டு, ஒரு பக்கம் மஞ்சள் கறை.

"இது எப்படிங்க கரம்பையில வந்துச்சு?" என்றாள்.

அவர் குனிந்து பூவாளியை எடுத்தார்.

"ஏங்க, ஒங்களத்தான் கேக்கேன்."

பூவாளியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார் உபதேசியார். ரூத்தம்மா மெல்லப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் யாராவது வருகிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, முட்டைத்தோட்டை முந்தானையில் முடிந்தாள்.

"நம்ம பிள்ளைக் கல்யாணத்துக்குப் பூவு வேணும்னு, அடுத்தவ பிள்ளைக்காகக் கும்பிட்ட எடத்துலயா கை வச்சீக? தூ! நீங்க செஞ்சதுக்கு என் மூஞ்சியில்ல எரியுது."

"பின்பக்கந்தான் எடுத்தேன் ரூத்து."

"பேசாதீக."

பேசவில்லை. ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் பேசுகிற வாய்க்கு இன்றைக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் செல்வதுரை வந்தான். சபைக் கமிட்டியில் இருக்கிற இளந்தாரி. திருச்சுழியில் ஜவுளிக்கடையில் வேலை. பக்தியில் அவனை யாரும் மிஞ்சிவிட முடியாது. மிஞ்சவும் விட மாட்டான். கேட்டைத் திறந்து வந்தவன் உபதேசியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"ஸ்தோத்திரம் ஐயா!"

"என்னப்பா?"

"எனக்குத் தெரியும் ஐயா. ஐப்பசியில ஒரு நா விடியக்காலம் நீங்க மம்பட்டியோட அந்த வரப்புல வந்தத நான் பாத்தேன். அப்பப் புரியல. இன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு." குரலைத் தாழ்த்தினான். கண் கலங்கியிருந்தது. "பிரசங்கத்துல புத்தும் கல்லும் சாமியில்லன்னு சொல்ற ஆளு ஆயிரம் பேரு இருக்காக. செஞ்சு காட்டுனது நீங்க ஒருத்தர்தான். அந்தக் காலத்துத் தீர்க்கதரிசிக செஞ்ச காரியம் ஐயா இது."

உபதேசியார் கையை உருவிக்கொண்டார். இல்லைப்பா, நான் கேந்திச்செடிக்கு மண் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். அவன் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. திருடன் என்று ஒருவன் பிடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கூசியிருக்காது.

"வெளிய சொல்லாத" என்று மட்டும் சொன்னார்.

"சொல்லாம இருப்பனா! ஞாயித்துக்கெழமை சபையில எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லப் போறேன்" என்று கிளம்பிப் போனான்.

ரூத்தம்மா கோயிலை ஒட்டியிருந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெளியே வந்து புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் வாங்கிக்கொள்ள முடியாமல் பூவாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மத்தியானம் ரோஸி வந்தாள். காலையிலிருந்து முருகேஸ்வரியோடுதான் இருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். கல்யாணத்துக்கு ரோஸியின் தலைக்குப் பூ வைத்துவிடுவது நான்தான் என்று முருகேஸ்வரி எப்போதோ பேசிவைத்திருந்தாள்.

"சாப்பிட மாட்டேங்குதாம்மா அவ" என்றாள் ரோஸி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஒரு வாய் கஞ்சி எறங்கல. 'புத்தே விழுந்திருச்சு, இதுவும் எனக்குத் தக்காது ரோஸி'ங்கிறா. நானும் என்னென்னமோ சொல்லிப் பாத்துட்டேன். பெரியம்மா ஒரு பக்கம் அழுறாக. யாரும்மா அந்தப் பாவி? வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுக்குப் போயி இப்படிப் பண்ணியிருக்கான்?"

அடுப்படியில் ரூத்தம்மாவின் கை நின்றது. சோற்றுக்கு உட்கார்ந்திருந்த உபதேசியார் இலையைப் பார்த்தார்.

"அப்பா, நீங்க வந்து அவளுக்கு ஒரு ஜெபம் பண்ணக் கூடாதா? நீங்க சொன்னா அவ கேப்பா."

"வாரேன்" என்றார். எழுந்து கை கழுவினார். சோறு அப்படியே இருந்தது.

அவர் போகவில்லை. எந்த முகத்தோடு போவார்? ரோஸி திரும்பவும் தோழியின் வீட்டுக்கு ஓடினாள். அவளிடம் உண்மையைச் சொல்லப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே நாக்கு எழவில்லை.

வெயில் தணிகிற நேரத்தில் ராமசுப்பு வந்தார். ஆவாரங்குளத்தில் பாதிப் புஞ்சை அவருடையது. உபதேசியார் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பழக்கம். வெள்ளாமை பார்க்கப் போகிறவர் கேட்டடியில் நின்று அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் போவார். இன்றைக்கு மேல்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"உபதேசியாரே, சாவடி வரைக்கும் ஒரு நட வந்துட்டுப் போங்க."

"என்ன அண்ணாச்சி?"

"ஊரு கூடிருக்கு. நாலு பயலுக, வேதக்காரத் தெருவுலருந்துதான் செஞ்சிருக்கான்னு கம்பெடுத்துக்கிட்டு நிக்கான். நான் சொல்லிட்டேன்: 'ஏலே, நம்ம உபதேசியாரு இருக்க அந்தத் தெருவுலருந்து எவன் கையும் நீளாது. அவுகள நான் கூட்டியாரேன். அவுக வாயால இல்லன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். சத்தியம்கூட வேணாம்'னு."

உபதேசியார் துண்டை எடுத்தார். அண்ணாச்சி, இங்கேயே ஒரு நிமிஷம் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாசலில் வைத்து, இரண்டே பேர் இருக்கும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார். போகிற வழியில் ராமசுப்பு திரும்பிப் பாத்தியைப் பார்த்துவிட்டு, "பூவு நல்லா வந்திருக்கு. ரோஸிக்குக் கொறையில்ல" என்றார்.

சாவடியில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். சபையைச் சேர்ந்த வேதக்காரத் தெரு ஆட்களும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள், செல்வதுரை முன்னால். ஊர்ப் பெரியவர் காசிராஜன் தொண்டையைச் செருமினார்.

"உபதேசியாரே, புத்து வெட்டுனது ஒங்க ஆளுகளா? இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. கலைஞ்சு போயிருவோம்."

இல்லை என்று சொன்னால் முடிந்தது. ராமசுப்பு பக்கத்திலேயே நின்று, சொல்லுங்க, சொல்லுங்க என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைதான் மனுஷனை உடைத்தது.

"வேற யாருமில்ல. நான்தான்" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த கணம் சாவடி எழுந்தது. "அடிங்கடா!" என்று ஒருவன் கம்பை ஓங்கினான். செல்வதுரை குறுக்கே பாய்ந்து, "ஸ்தோத்திரம்! பயப்படாதீக ஐயா! நாங்க இருக்கோம்! விசுவாசத்துக்காகச் செஞ்சத ஒத்துக்கிட்டீகளே, அதுதான் ஐயா வீரம்!" என்று கத்தினான். வேதக்காரத் தெரு ஆட்களும் நெருங்கி வந்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் தலைகள் உடைந்திருக்கும்.

"அதுக்காக இல்ல!" என்று உபதேசியார் அலறினார்.

எல்லாரும் நின்றார்கள்.

"விசுவாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூச்செடி வரல. கரிசல்ல அழுகிப்போச்சு, உவர்ல கருகிப்போச்சு. புத்துமண்ணு செடிக்கு நல்லாருக்கும்னு எடுத்தேன். சம்பந்தியம்மாகிட்டச் சவால் விட்டுட்டேன். அதுக்காக எடுத்தேன்."

பிறகு பின்வரிசையில் ஒருவன், "பூச்செடிக்கா?" என்றான். களுக்கென்று சிரித்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் சிரித்தான். கம்பு வைத்திருந்தவனும் கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சாவடியே சிரித்தது. செல்வதுரையின் முகம் செத்துப்போனது. அவன் உபதேசியாரின் பக்கத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஏசுவடியான் உபதேசியார் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். கல்லெறிந்திருந்தால்கூட ஊழியக்காரன் பட்டதாக ஒரு கௌரவம் இருந்திருக்கும். இப்படிச் சிரிப்புக்கு ஆளாகி நிற்க வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ராமசுப்பு மட்டும் சிரிக்கவில்லை.

"சாமியில்லன்னு நெனச்சு இடிச்சிருந்தீகன்னா, சரி, இவுக மார்க்கம் இப்படின்னு மனசத் தேத்திருப்பேன்" என்றார். சத்தம் போடவில்லை, மெல்லத்தான் பேசினார். "செவல் மண்ணு என் புஞ்சையில மலையாக் கெடக்கு. கேட்டிருந்தா வண்டி பூட்டி அடிச்சுத் தந்திருப்பேனே? நானே பாத்தியில கொட்டியிருப்பேனே? கேக்கக்கூடத் தோணலையா உபதேசியாரே, எங்கிட்ட?"

கேட்கத் தோன்றியது. ஒரு தடவை இல்லை, பல தடவை தோன்றியது. கேட்டால், உபதேசியார் பூ ராமசுப்பு மண்ணில் பூத்தது என்று ஊர் சொல்லுமே என்றுதான் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"வீட்டுக்குப் போங்க" என்றார் ராமசுப்பு. கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கலைங்கய்யா. அவுக மேல யாரும் கை வைக்கப்படாது" என்றும் சொன்னார்.

கோயில் வாசலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, தங்கத்தாய் கேட்டடியில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அழுத முகம். கக்கத்தில் ஒரு பெரிய பனையோலைக் கூடை. சேதி அவருக்கு முன்னால் தெருவெல்லாம் ஓடி வந்திருந்தது.

"மதினி..." என்று தொடங்கினார்.

"ஒண்ணும் பேச வேணாம். எங்க மண்ணக் குடுங்க."

"எப்படி மதினி? செடி..."

"செடி எனக்கு வேணாம். பூவு வேணாம். மண்ணு குடுங்க. எம்மக பாத்துக்கிட்டு இருக்கா. இருட்டுறதுக்குள்ள அது இருந்த எடத்துல கொண்டுபோயிச் சேக்கணும்."

ரூத்தம்மா உள்ளேயிருந்து மம்பட்டியோடு வந்தாள். புருஷன் கையில் கொடுத்தாள். அவர் பாத்தியைப் பார்த்தார். கேந்தி மாலை வெயிலில் நெருப்பாக நின்றது. புதன்கிழமைக்கு இன்னும் மொட்டு விட்டுக்கொண்டிருந்தது.

மம்பட்டியை ஓங்கிப் போட்டார். செடி வேரோடு வந்தது. ரூத்தம்மா அதை எடுத்து வேரில் ஒட்டிய மண்ணைக் கூடைக்குள் உதறினாள். அடுத்த செடி. அதையும் உதறினாள். வெட்டுவதும் உதறுவதுமாக ஒரு பக்கப் பாத்தி முடிந்தது. வேலிக்கு வெளியே தெரு ஜனமெல்லாம் கூடிவிட்டது. ஒரு குழந்தை, "ஏம்மா பூவப் பிடுங்குறாக?" என்று கேட்டது. அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

உபதேசியார் நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

"மதினி, இதுல கரிசலும் இருக்கு, ஆட்டுப்புழுக்கையும் இருக்கு. எல்லாம் கலந்துபோச்சு. ஒங்க மண்ண மட்டும் தனியாப் பிரிக்க முடியாது."

"அப்பப் பூராத்தையும் குடுங்க" என்றாள் தங்கத்தாய்.

அவர் மறுபக்கப் பாத்திக்குப் போனார். கோழிக்கொண்டை, வாடாமல்லி, எல்லாம் போயிற்று. பிடுங்கிய செடிகள் சுவரோரம் குவிந்தன. நிறைந்த கூடைகளை ரூத்தம்மாவும் தங்கத்தாயும் மாறி மாறி வரப்புக்குச் சுமந்து கொட்டிவிட்டு வந்தார்கள். சூரியன் இறங்கும்போது கோயில் வாசல் கரிசல் குழியாகக் கிடந்தது.

கடைசி நடைக்கு ரூத்தம்மா வீட்டிலிருந்த சின்னக் கூடையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்துவிட்டாள். பெரிய கூடை மிச்சம் இருந்தது. உபதேசியார் தோளிலிருந்த துண்டை எடுத்தார். பிரசங்கத்துக்குப் போட்டுக்கொண்டு நிற்கிற துண்டு. அதைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தார். குனிந்து கூடையைப் பிடித்துத் தூக்கினார். முழங்காலுக்கு மேல் வரவில்லை. தலைச்சுமையைத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். எந்த ஊரிலும் யாரும் யாருக்கும் மறுக்காத உதவி அது.

வேலிப் பக்கம் பார்த்தார். அவர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்திய பிள்ளைகள் நின்றார்கள். அவர் கல்யாணம் பேசி முடித்துக்கொடுத்தவர்கள் நின்றார்கள். யாரும் அசையவில்லை. செல்வதுரை கேட்டுக்குள் ஒரு கால் வைத்து நின்றான்.

"ஒரு கை குடுப்பா" என்றார் அவனிடம்.

"புத்து கட்டப் போற மண்ணுக்கு என் கை வராது ஐயா" என்றான் செல்வதுரை. "அங்க திருடுனது ஒரு வெக்கம். அதத் தலையில சொமந்துக்கிட்டுப் போயி அந்தப் புத்துக்கே சேக்குறது சபைக்கே வெக்கம். நாளைக் காலைப் பஸ்ஸுக்கு நான் அருப்புக்கோட்டை போறேன். குருவானவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவேன். புதன்கிழமை யாரு வந்து ஒங்க மகளுக்குக் கல்யாணம் நடத்தி வைக்காகன்னு பாப்போம்."

அவன் போய்விட்டான். ரோஸி இன்னும் முருகேஸ்வரி வீட்டிலிருந்து திரும்பவில்லை. சேதி அவளுக்குப் போயிருக்கும். போகாமல் இருக்குமா? எந்தப் பாவி என்று மத்தியானம் கேட்ட பிள்ளை இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கவே உபதேசியாருக்குப் பயமாக இருந்தது. கூடையைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து மண்ணில் சொட்டியது. துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை.

யாரோ எதிரே வந்து கூடையின் மறுவிளிம்பைப் பிடித்தார்கள். கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது.

தங்கத்தாய்தான்.

"ம், தூக்குங்க" என்றாள்.

"வேணாம் மதினி. நீங்க போயி எனக்கு..."

"அந்தப் பேச்செல்லாம் பெறகு. பொழுது போகுது. தூக்குங்க."

தூக்கினார். அவள் தம் பிடித்து ஏற்றித் தலையில் வைத்துவிட்டாள். சும்மாட்டை நேராக்கினாள். கூடை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். பிறகு விலகி நின்று, முன்னால் போகும்படி கையைக் காட்டினாள்.

ஏசுவடியான் உபதேசியார் அழுதுகொண்டே நடந்தார். தெரு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.